அள்ளும் பஸ்ஸுக்கு முன்னால்

பதினேழு வருடமாக நான் டவுன் பஸ் ஓட்டுகிறேன். ஒரு நாளைக்கு எண்ணூறு பேரையாவது ஏற்றி இறக்குகிறேன். அப்படிப்பட்ட எனக்கு டிப்போவில் என் சொந்தக் கூட்டாளிகள் வைத்த பெயர் ‘பாசஞ்சர்’. போன வருடம் நடந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தில், முடிவுக்கோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது என்னைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. என்னை ஏற்றிக்கொண்டு வந்தவன் வேறு யாருமில்லை, மீசை.

மீசையும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் மீசையை எடுத்து எட்டு வருடம் ஆகிறது. முகம் மொழுமொழுவென்று இருக்கிறது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. நான் பயந்ததும் அதற்குத்தான். எங்கள் டிப்போவில் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் அதுதான்.

அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு ஓட்டம் தொடங்கும். ஒன்பது மணிக்குச் சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிட வேண்டும். அதனால் ஓட்டக்காரர்களின் வாலில் ஒரு பஸ் வரும். எந்தக் கிலோமீட்டரை எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும் என்று டிரைவர் கையில் ஒரு தாள் இருக்கும். பஸ் உங்களைப் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, மரியாதையாக ஏறி உட்கார வேண்டியதுதான். நடத்துகிறவர்கள் அதற்கு நாகரிகமாக ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். ஓடுகிற நாங்கள் ‘அள்ளுற பஸ்’ என்போம். பஸ்ஸும் டிரைவரும் வருடா வருடம் எங்கள் டிப்போவிலிருந்துதான் போவார்கள். நேரம் தவறாதவன் என்று பெயர் எடுத்த மீசைக்குத்தான் அந்த வேலை.

நான் ஏன் ஓட ஆரம்பித்தேன் என்று கேட்டால், அதற்கு என் மனைவிதான் காரணம். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊரார் கையில் ஊசி குத்தும் பழக்கத்தில் ஒரு நாள் என் கையிலும் குத்தினாள். சாயங்காலம் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சர்க்கரை, கொழுப்பு என்று வரிசையாக எண்கள். பாதிக்கு மேல் சிவப்புக் கோடு.

“இது யாரோடது?” என்றேன்.

“என் வீட்டுக்காரரோடது. உக்காந்தே வண்டி ஓட்டி, உக்காந்தே சாப்பிட்டு, உக்காந்தே தூங்குறவர். உங்களுக்குத் தெரியுமா அவரை?”

மறுநாளே கிளம்பிவிட்டேன். எனக்கு எப்போதுமே ரோஷம் முன்னால் போகும், அறிவு பின்னால் நடந்து வரும். வீட்டு வாசலிலிருந்து பாய்ச்சலாகப் பாய்ந்து, தெருமுனை மருந்துக் கடைவரைக்கும் போனேன். இருநூறு மீட்டர் இருக்கும். நாக்கு வெளியே தள்ளிவிட்டது. கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து, உள்ளே இருந்தவர் கேட்காமலே ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். கிலோமீட்டர் கணக்கு என் மண்டையில் ஏறாது, ஆனால் ஸ்டாப் கணக்கு ஏறும். என் ரூட்டில் மொத்தம் இருபத்தாறு ஸ்டாப். முதல் வாரம் ஒரு ஸ்டாப் ஓட்டம், ஒரு ஸ்டாப் நடை. அடுத்த வாரம் இரண்டு ஓட்டம், ஒன்று நடை. அதிகாலையில் ஸ்டாப்பில் நிற்கும் என் பயணிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. “என்ன டிரைவர் சார், பஸ்ஸை எங்கே தொலைச்சீங்க?” என்பார் ஒருவர். ஒரு பூக்கடை அம்மா நான் ஓடிவருவதைப் பார்த்ததும் கையை நீட்டிப் பஸ்ஸை நிறுத்துவது மாதிரி நிறுத்துவாள். நிற்காமல் போனால், “பாத்தியா, வண்டி இல்லாதப்பவும் நிறுத்தாமத்தான் போறாரு!” என்று ஸ்டாப் முழுக்கக் கேட்கும்படி சொல்வாள்.

ஆறு மாதத்தில் பத்து கிலோ குறைந்தது. சீட்டை ஒரு துளை முன்னுக்கு நகர்த்தினேன், ஸ்டியரிங்கில் வயிறு இடிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! லாட்டரி விழுந்தவன் மாதிரி நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். அந்தச் சூட்டோடு சூடாகத்தான் போன வருட ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

அந்தக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. பத்தொன்பதரைக் கிலோமீட்டரில் முதுகுக்குப் பின்னால் ஏர் பிரேக்கின் ‘புஸ்’ கேட்டது. திரும்பினால் மீசை. என் வாட்சைப் பார்த்தேன். எட்டு நாற்பத்தாறு. அவன் தாளிலும் எட்டு நாற்பத்தாறு. பேச்சுக்கு இடமே இல்லை, ஏறிவிட்டேன். பஸ் முடிவுக்கோட்டுக்குப் போகாது, பின்பக்கம் மைதானத்தில் நிற்கும். என் பதினாறு வயது மகள் கோட்டருகே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு முகத்திலும் என்னைத் தேடியிருக்கிறாள். எல்லோரும் வந்து முடிந்த பிறகும் நின்றிருக்கிறாள். நான் பின்னாலிருந்து போய்த் தோளைத் தொட்டேன்.

“பரவாயில்லப்பா,” என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் ‘பரவாயில்ல’ என்னை ஒரு வருடம் தூங்கவிடவில்லை.

டிப்போவில் மறுநாள் காலை கையெழுத்துப் போடப் போனபோது, “டிக்கெட் வாங்கினியா பாசஞ்சர்?” என்றது ஒரு குரல். “பாஸ் வெச்சிருப்பாருடா” என்றது இன்னொன்று. கண்ட்ரோலர்கூட வருகைப் பதிவேட்டை நீட்டிக்கொண்டே சிரித்தார்.

கையெழுத்து என்றதும் எங்கள் சுவர்க் கடிகாரம் நினைவுக்கு வருகிறது. அது ஐந்து நிமிடம் முந்தி ஓடும். பழுது எல்லாம் இல்லை. ஒருத்தனும் தாமதமாக வரக்கூடாது என்று முன்னாலிருந்த ஒரு கண்ட்ரோலர் வேண்டுமென்றே முள்ளைத் திருகிவிட்டுப் போனார். வருகைக்கு அந்தக் கடிகாரம் காட்டுவதுதான் நேரம். டியூட்டியில் போனைத் தொடக்கூடாது என்பதால் நாங்கள் எல்லோரும் கைக்கடிகாரக்காரர்கள். எல்லாருடைய வாட்சும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். வண்டியில் ஏறிய பிறகு டிக்கெட் மெஷின் சரியான நேரத்தைக் காட்டும், அதைப் பார்த்து வண்டியை எடுப்போம். ஊருக்கு ஒரு மணி, டிப்போவுக்கு ஒரு மணி என்று பல வருடமாகப் பழகிப்போய், அப்படி இரண்டு மணி இருக்கிறது என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை.

இந்த வருடம் ஒரு கை பார்ப்பது என்று இறங்கினேன். வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை முழு ரூட்டும், இருபத்தாறு ஸ்டாப், நடுவில் ஒரே ஒரு இடத்தில் தண்ணீர். ராத்திரி பாட்டுப் போட்டிக்குப் பதிலாக யாரோ ஒருத்தர் முழங்கால் மடக்கிக் காட்டும் வீடியோவை டிவியில் போட்டு, நான் சோபாவைப் பிடித்துக்கொண்டு மடக்குவேன். மனைவி ஊசியோடு வந்து நிற்பாள். காகிதத்தில் சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசிக் கோடும் போன அன்று அவள் அந்தக் காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். மகளுடைய மார்க் ஷீட்டுக்குக்கூட அந்த இடம் கிடைத்ததில்லை.

மகள் தன் பழைய விளையாட்டு வாட்சை எனக்குத் தந்தாள். ரோஸ் கலர் பட்டை. பட்டனை அமுக்கினால் பூஜ்யத்திலிருந்து ஓடும்.

“நான் என் வாட்சையே கட்டிக்கறேன்மா. இதைக் கட்டினா மீசை சாகற வரைக்கும் சொல்லிச் சிரிப்பான்.”

“உன் வாட்ச் மணிதாம்ப்பா காட்டும். இது நீ எவ்வளவு நேரமா ஓடறேன்னு காட்டும். ரெண்டையும் கட்டிட்டு ஓடினா நான் கூட வரமாட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நான் எங்கே நிக்கட்டும்?” என்று கேட்டாள்.

கோட்டருகில் நிற்கட்டுமா, பஸ் வந்து நிற்கும் மைதானத்தில் நிற்கட்டுமா என்று கேட்கிறாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

“கோட்டுக்கிட்ட நில்லு. மைதானத்துப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதே,” என்றேன்.

ஓட்ட நாள் வந்தது. நாலரை மணிக்கு இரண்டு வாழைப்பழம், ஒரு ரொட்டித் துண்டு. சட்டையில் எண் அட்டையைக் குத்தும்போது ஊக்கு விரலில் ஏறியது. தொடக்கக் கோட்டில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள், பாட்டு காதைப் பிளக்கிறது, எல்லோரும் குதிக்கிறார்கள். நானும் குதித்தேன். ஐந்து நிமிடத்துக்கு முன் கழிப்பறை வரிசையில் நின்று பயந்தவன் நான்தானா என்று எனக்கே சந்தேகம். வெடிச் சத்தம் கேட்ட அதே நொடியில் ரோஸ் வாட்சின் பட்டனை அமுக்கினேன்.

போட்டிருந்த திட்டமெல்லாம் காற்றில் பறந்தது! கிலோமீட்டருக்கு ஏழேமுக்கால் நிமிடம் என்று மனைவியும் மகளும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் ஆறரையில் போய்க்கொண்டிருந்தேன். கால் தரையில் படுவதே தெரியவில்லை. யாரோ கைதட்டினால் இன்னும் வேகம், யாரோ விசிலடித்தால் அதற்கும் மேல் வேகம். ஓட்டப் பாதையில் என் ரூட்டின் ஐந்தாவது ஸ்டாப் வந்தபோது பூக்கடை அம்மா சாலையோரம் நின்று கையை நீட்டினாள். “இன்னிக்கு நிக்கமாட்டேன்!” என்று கத்திக்கொண்டே பறந்தேன். பத்தாவது கிலோமீட்டரில் ஒரு மணி ஐந்து நிமிடம். இந்த வேகத்தில் போனால் பஸ் என்ன, மீசை ஹெலிகாப்டரில் வந்தாலும் பிடிக்க முடியாது என்று நினைத்தேன்.

பதினாலாவது கிலோமீட்டரில் வலது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கல்லாக இறுகிவிட்டது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலைப் பின்னால் இழுத்தேன். வயதானவர்கள் என்னைத் தாண்டினார்கள். வேஷம் கட்டிக்கொண்டு கரடியாக ஓடிய ஒருவனும் தாண்டினான். எழுந்து நொண்டினேன், நடந்தேன், நாலு எட்டு ஓடினேன், மறுபடி நொண்டினேன். என் மேலேயே எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வருட உழைப்பு! நாலு பேர் கைதட்டினதுக்குத் தலைகால் புரியாமல் ஓடித் தொலைத்த முட்டாள்!

பதினெட்டாவது கிலோமீட்டர் பலகை கண்ணுக்குத் தெரிந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. ‘புஸ்.’

திரும்பாமலே தெரியும். பஸ் என் பக்கவாட்டில் ஊர்ந்து வந்தது, கதவு மடங்கித் திறந்தது. உள்ளே நாலு பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலுதவிப் பெட்டியோடு ஒரு நர்ஸ் முன்சீட்டில் இருந்தாள்.

மீசை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். “ஏறுடா. போதும். நல்லாத்தான் ஓடின. கால் போச்சுன்னா நாளைக்கு பிரேக்கை யாரு மிதிக்கிறது?”

நொண்டுவதை நான் நிறுத்தவில்லை. “மணி என்னடா?”

“எட்டு முப்பத்தி நாலு. பதினெட்டு கிலோமீட்டருக்குத் தாள்ல எட்டு முப்பத்தி நாலுதான் போட்டிருக்கு. நான் என்னிக்காவது முன்னே பின்னே வந்திருக்கேனா?”

அது உண்மைதான். மீசை முன்னே பின்னே வரமாட்டான். வழக்கம்போல என் கையைப் பார்த்தேன். ரோஸ் வாட்சில் இரண்டு மணி இருபத்தொன்பது நிமிடம். வெடிச் சத்தத்தில் அமுக்கியது. வெடி ஆறு மணிக்கு. அப்படியென்றால் இப்போது எட்டு இருபத்தொன்பது.

“என்னுதுல எட்டு இருபத்தொம்பதுதான்டா ஆகுது.”

“அது உன் பொண்ணோட வாட்ச்சு. அதுக்கு என்னடா தெரியும்? இதைப் பாரு,” என்று தன் ஸ்டீல் வாட்சை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். ஸ்டீல் வாட்ச். பதினேழு வருடமாகக் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சுவரை நிமிர்ந்து பார்த்து, அவன் திருகிச் சரிசெய்கிற அதே வாட்ச்.

எனக்குப் பொறி தட்டியது.

“டேய்! அது டிப்போ மணிடா!”

“எது?”

“உன் கையில இருக்கிறது! சுவர்க் கடிகாரத்து மணி! அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டு! இந்த வண்டியில டிக்கெட் மெஷின் இருக்கா?”

மீசை அனிச்சையாக டிக்கெட் மெஷின் இருக்கும் இடத்தைப் பார்த்தான். வெறும் கம்பிதான் இருந்தது. வாடகைக்குப் போகிற வண்டியில் மெஷினைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அவன் முகத்தில் ரத்தம் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன்.

நர்ஸ் போனை எடுத்தாள். “ஆமாண்ணே. எட்டு இருபத்தொம்பதுதான். முப்பது ஆகப்போகுது.”

பஸ் நின்றது. மீசை பிரேக்கை அழுத்திய வேகத்தில் உள்ளே இருந்தவர்கள் முன்னால் சாய்ந்தார்கள். என் காலும் தன்னாலே நின்றது, ஏனென்றால் அடுத்த கணக்கு என் தலைக்குள் விழுந்துவிட்டது. போன வருடம் எட்டு நாற்பத்தாறு என்று ஏறினேனே. என் கையில் இருந்ததும் டிப்போ வாட்ச். அவன் கையில் இருந்ததும் டிப்போ வாட்ச். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் சாட்சி சொல்லியிருக்கிறது. உண்மையில் மணி எட்டு நாற்பத்தொன்று. பாக்கி ஒன்றரை கிலோமீட்டர், கையில் பத்தொன்பது நிமிடம். ஓடக்கூட வேண்டாம். கொஞ்சம் வேகமாக நடந்தே போயிருக்கலாம்!

“போன வருஷமும்...” என்றேன்.

மீசை தன் வாட்சையே வெறித்துப் பார்த்தான். அவனுக்கும் அதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த பஸ்ஸையே கவிழ்த்திருப்பேன். ஆனால் நேரமில்லை! வாழ்க்கையில் முதல் தடவையாக என் அறிவு என் ரோஷத்தை முந்திக்கொண்டு வந்தது. மூன்று கிலோமீட்டர் சொச்சம் பாக்கி, முப்பது நிமிடம் கையில். நொண்டியாவது போய்விடலாம்.

“உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்டா!” என்று கத்திவிட்டுக் கிளம்பினேன்.

பின்னால் பஸ்ஸுக்குள் ஒரே களேபரம். “என்னை இப்பத்தானே ஏத்தினீங்க? அந்தப் பெட்ரோல் பங்க்குகிட்ட?” என்று ஒரு பெண் குரல். சீட்டிலிருந்து எழுந்து படியில் இறங்கியவர் ஒரு கணக்கு டீச்சர். இறங்கியவர் நேரே என் பின்னால் வருவார் என்று பார்த்தால், எதிர்த் திசையில் ஓடுகிறார்!

“மேடம், கோடு இந்தப் பக்கம்!” என்று மீசை கத்தினான்.

“ஏறின இடத்திலிருந்துதான் ஓடணும்! இல்லேன்னா காப்பியடிச்ச மாதிரி ஆயிடும்!” என்று பதிலுக்குக் கத்திக்கொண்டே போனார். நூறு மீட்டர் பின்னால் போய், பெட்ரோல் பங்க்கைத் தொட்டுவிட்டு, திரும்பி ஓடி வந்தார். அதைப் பார்த்த பிறகு என் கெண்டைக்காலுக்கே வெட்கம் வந்திருக்க வேண்டும், இறுக்கம் கொஞ்சம் விட்டது.

மீதி மூன்று பேர் இறங்கவில்லை. அவர்கள் பத்தாவது கிலோமீட்டரிலேயே ஏறியவர்கள். ஆனால் தொங்கிய தலைகள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன. மீசை ஐந்து நிமிடம் நின்றான். நர்ஸின் போனைப் பார்த்துத் தன் வாட்சின் முள்ளைப் பின்னால் திருகினான். பிறகு சரியான நேரத்துக்கு வண்டியை எடுத்து, எங்களுக்குப் பின்னால் நூறு மீட்டர் தள்ளி ஊர்ந்து வந்தான். மூன்று பேரும் ஜன்னல் வழியே பஸ்ஸின் தகரத்தைத் தட்டத் தொடங்கினார்கள். தடதட, தடதட என்று சாலை அதிர்ந்தது.

பத்தொன்பதாவது கிலோமீட்டரில் டீச்சர் என்னைப் பிடித்துவிட்டார். “சார், கிலோமீட்டருக்கு ஒன்பதரை நிமிஷம் போதும். நடக்காதீங்க, நிக்காதீங்க, பேசாதீங்க,” என்றார். வகுப்பில் அவர் எப்படி இருப்பார் என்று தெரிந்துவிட்டது. நான் பேசவில்லை. நூறு எட்டு ஓட்டம், இருபது எட்டு நடை. அவர் எண்ணிக்கொண்டே வந்தார்.

பத்தொன்பதரை வந்தது. அதே இடம். போன வருடம் நான் ஏறிய விளக்குக் கம்பம். அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அழுதுகொண்டே ஓடினேன், சிரித்துக்கொண்டும் ஓடினேன். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. அந்தக் கம்பத்தைக் கையால் ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டுத் தாண்டினேன். வலித்தது, ஆனால் சுகமாக இருந்தது.

கடைசித் திருப்பம். பெரிய எண்களோடு கடிகாரம் தெரிந்தது. இரண்டு மணி ஐம்பத்தேழு நிமிடம். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது, தடுப்புக் கம்பிகளை ஆட்கள் மடக்கத் தொடங்கியிருந்தார்கள். கோட்டருகில் ஒரே ஓர் ஆள் மட்டும் கம்பிமேல் ஏறி நின்று போனைப் பிடித்திருந்தாள். என் மகள்! என்னைப் பார்த்ததும் போனை மறந்துவிட்டாள். இரண்டு கையையும் ஆட்டித் தொண்டை கிழியக் கத்தினாள். “அப்பா! ரெண்டு நிமிஷம் இருக்குப்பா! நொண்டாதேப்பா! நொண்டினாலும் பரவாயில்ல, வாப்பா!”

இந்தப் ‘பரவாயில்ல’ தேனாக இனித்தது.

இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பது நொடி. கோட்டைத் தாண்டினேன்! நாலு எட்டு பின்னால் டீச்சர். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டதில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அன்பாகப் பிடிக்கிறாள் என்று நான் உருகினேன். பார்த்தால் நாடி எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

“நூத்தி எழுபது. உயிரோடதான் இருக்கீங்க,” என்று சொன்னவளின் கண்ணிலும் தண்ணீர்.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது மீசை மைதானத்துப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்காகவே நல்ல நல்ல வார்த்தைகளாக மூன்று கிலோமீட்டர் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். கிட்ட வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பதினோரு பேருடா,” என்றான்.

“என்ன?”

“போன வருஷம் உன்னோட சேத்து பதினோரு பேரை ஏத்தினேன். ஒரு அம்மா அழுதாங்க. ‘மணி ஆச்சும்மா, நான் என்ன பண்ணட்டும்’னு சொன்னேன். மணி ஆகலையேடா.”

சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன. அவன் நேராக, நடத்துகிறவர்கள் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் வாட்சைக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். மேசைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். போன வருடத் தாளை எடுத்தார். அந்தப் பதினோரு பேரில் நேரத்துக்குள் முடித்திருக்கக்கூடியவர்கள் ஐந்து பேர் என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் மீசையே போன் போட்டான். நான் பக்கத்தில் நின்றேன். நாலு பேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஐந்தாவது எண்ணைப் போட்டதும் பக்கத்தில் நின்ற மனைவியின் கைப்பையில் இருந்த என் போன் அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு முழம் தள்ளி எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “சார், என்னை மன்னிச்சிருங்க சார்,” என்றான் மீசை, போனில்.

“சரிதான் வைடா,” என்றேன்.

மறுநாள் காலை நொண்டிக்கொண்டே டிப்போவுக்குப் போனேன். கண்ட்ரோலர் அறையில் வழக்கமான கூட்டம். “வாங்க பாசஞ்சர்! இந்த வருஷம் எந்த ஸ்டாப்புல ஏறினீங்க?” என்று ஒருவன் ஆரம்பித்தான். நான் பையிலிருந்து பதக்கத்தை எடுக்கப் போனேன். அதற்குள் பெஞ்சிலிருந்து மீசை எழுந்துவிட்டான்.

“அவனை இனிமே அப்படிக் கூப்பிடாதீங்கடா. இந்த வருஷம் அவன் ஏறவே இல்ல. போன வருஷமும் அவன் ஏறியிருக்க வேண்டியதில்ல. தப்பு என்னோடது,” என்றான். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, எல்லோருக்கும் முன்னால் முழுக் கதையையும் சொன்னான். எல்லோரும் குனிந்து தங்கள் தங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்கள். கண்ட்ரோலர் மட்டும் கனைத்துக்கொண்டு, “அதுக்காக முள்ளைத் தொடமாட்டேன்,” என்றார்.

வெளியே வந்தபோது மீசை என் கூடவே வந்தான். என் வண்டியின் கதவைத் திறந்துவிட்டான். பிறகு, “கால் சரியானதும் மறுபடி எப்ப ஓட ஆரம்பிப்ப?” என்று கேட்டான்.

“ஞாயித்துக்கிழமை. காலையில அஞ்சரைக்கு, முதல் ஸ்டாப்புல.”

“நானும் வரேன்.” இரண்டடி போய்விட்டுத் திரும்பினான். “எந்த அஞ்சரை?”

“ஊரு அஞ்சரைடா!”

ஞாயிற்றுக்கிழமை சரியாக ஐந்தரைக்கு நான் முதல் ஸ்டாப்புக்குப் போனேன். மீசை டியூட்டி ஷூவை இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். வந்து ஐந்து நிமிடம் ஆகிறதாம்.